ஒன்பதாம் ஆண்டுப் பாடத் தெரிவு: மகளுக்கு உடற்கல்வி வேண்டுமாம். எடுக்க விடலாமா?

ஹரோ அம்மா
எல்லோருக்கும் வணக்கம். என் மூத்தவள் இப்போது ஒன்பதாம் ஆண்டு. ஜிசிஎஸ்இ (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) பாடத் தெரிவுப் படிவத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம் கட்டாயம். அதற்கு மேல் நான்கு பாடங்கள் நாங்கள் தெரிவு செய்யலாம். சரித்திரம், ஸ்பானிஷ், கணினி மூன்றும் பேசி முடிந்துவிட்டன. நான்காவதில்தான் வீட்டில் இரண்டு கிழமையாக மன வருத்தம். அவளுக்கு உடற்கல்வி வேண்டும். என் கணவர் வணிகக் கல்வி எடுக்கச் சொல்கிறார். "விளையாட்டை சனிக்கிழமை விளையாடலாம், அதற்கு ஏன் பரீட்சை?" என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இன்னொரு தாளும் வந்திருக்கிறது. விளையாட்டுத் தலைமைத்துவம் என்று ஒரு கோர்ஸ். அதற்கும் உடற்கல்விக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் பாடசாலை நெட்போல் (வலைப்பந்து) அணியில் இருக்கிறாள், ஞாயிறுகளில் பட்மின்ரன் போகிறாள். படிப்பில் நடுத்தரம், விஞ்ஞானம் பிடிக்கும். பிறகு மருந்தாளர், வைத்தியத் துறை என்று போக நினைத்தால் இந்தப் பாடம் குறுக்கே நிற்குமா? பிள்ளைகள் எடுத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்
சகோதரி, என் பையன் போன வருஷம் ஜிசிஎஸ்இ உடற்கல்வி எழுதி முடித்தான். அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது விளையாடி மார்க் வாங்கும் பாடம் என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

அவன் பள்ளியில் ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். மொத்தத்தில் 60 சதவீதம் எழுத்துத் தேர்வு. இரண்டு தாள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம், 78 மார்க். மீதி 40 சதவீதம்தான் செய்முறை. கிரிக்கெட்டில் நல்ல மார்க். தேர்வில்தான் அடி வாங்கினான். "ஒரு ஓட்டக்காரருக்கு நீண்ட காலப் பயிற்சியால் இதயத்தில் என்ன மாற்றம் வரும், அது அவருடைய ஆட்டத்துக்கு எப்படி உதவும்" என்ற மாதிரிக் கேள்விகளுக்கு பத்தி பத்தியாக எழுத வேண்டும். அவன் "இதயம் பலமாகும்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவான். இதயத் தசை தடிக்கும், ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தம் வெளியேறும், ஓய்வு நேரத் துடிப்பு குறையும், அதனால் கடைசிச் சுற்றிலும் தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேரும் என்று சங்கிலியாக எழுதப் பழகவே ஒரு வருஷம் ஆனது.

உங்கள் மகளுக்கு விஞ்ஞானம் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் பாதிக் கவலை போச்சு.

மைதானத்து டீச்சர்
கிழக்கு லண்டனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 11 வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பெற்றோர் சந்திப்பில் நம்ம ஊர்ப் பெற்றோர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயங்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. முதலாவது, எல்லாப் பிள்ளைகளும் போகிற உடற்கல்வி வகுப்பு. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டப்படி 16 வயது வரை அது உண்டு. அதற்குத் தேர்வு கிடையாது. உங்கள் மகள் வணிகக் கல்வி எடுத்தாலும் அந்த வகுப்புக்குப் போவாள்.

இரண்டாவது ஜிசிஎஸ்இ உடற்கல்வி. மேலே சகோதரர் சொன்னது சரி. எலும்பு, தசை, நெம்புகோல், இதயம், நுரையீரல், பயிற்சித் திட்டம், உளவியல், ஊக்கமருந்து, விளம்பரப் பணம் விளையாட்டை என்ன செய்கிறது என்பது வரை பாடத்தில் இருக்கிறது. நுனிக்காலில் எழுந்து நிற்பது இரண்டாம் வகை நெம்புகோல் (சுமை நடுவில் இருப்பது) என்று நான் சொல்லும்போது மொத்த வகுப்பும் எழுந்து நின்று பார்க்கும். அந்தப் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். செய்முறைக்கு மூன்று விளையாட்டுகள்: ஒன்று குழு விளையாட்டு, ஒன்று தனி விளையாட்டு, மூன்றாவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஏக்யூஏவில் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். அதில் 10 தனித் திறன்களுக்கு, 15 முழு ஆட்டத்தில் எப்படி ஆடுகிறாள் என்பதற்கு. அதோடு தன் ஆட்டத்தின் பலம், பலவீனத்தை அலசி எழுதும் பகுதிக்கு இன்னொரு 25.

மூன்றாவதுதான் விளையாட்டுத் தலைமைத்துவம். இதில் பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடுகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. மற்றவர்களை ஆட வைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பயிற்சி வேளையைத் திட்டமிடுவது, ஆபத்து எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பது, நடத்துவது, முடிந்த பிறகு எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று எழுதுவது. பல பள்ளிகளில், முன்பு ஸ்போர்ட்ஸ் லீடர்ஸ் என்று இருந்து இப்போது லீடர்ஷிப் ஸ்கில்ஸ் ஃபவுண்டேஷன் என்று பெயர் மாறிய அறக்கட்டளையின் சான்றிதழாக இது நடக்கிறது. சில பள்ளிகளில் இதைத் தனித் தெரிவாக வைக்கிறார்கள், சிலவற்றில் பத்தாம் ஆண்டின் பொது உடற்கல்வி நேரத்திலேயே முடித்துவிடுகிறார்கள். உங்கள் பள்ளியில் எப்படி என்று கட்டாயம் கேளுங்கள். பொது நேரத்தில் நடத்தினால் ஒரு தெரிவை இதற்காக இழக்க வேண்டியதில்லை.

என் மனதில் உள்ளதையும் சொல்கிறேன். 2016-இல் புதிய ஜிசிஎஸ்இ பாடத்திட்டம் வருவதற்கு முன்பு, பயிற்சியாளராகவோ நடுவராகவோ செயல்பட்டும் செய்முறை மார்க் வாங்க வழி இருந்தது. இப்போது ஆட்டக்காரராக மட்டுமே மதிப்பிடுகிறார்கள். ஓடத் தெரியாத, ஆனால் பத்துப் பேரை ஒன்றுசேர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த மாற்றம் பெரிய இழப்பு. தலைமைத்துவக் கோர்ஸை நான் விடாமல் நடத்துவதற்கு அதுதான் காரணம்.

ஹரோ அம்மா
ரீச்சர், மிகவும் நன்றி. உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்து, கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று விளையாட்டு என்றீர்கள். மகளுக்கு நெட்போலும் பட்மின்ரனும் இருக்கிறது. சின்ன வயதில் இருந்து கராத்தேயும் பழகுகிறாள், பழுப்புப் பட்டி வரை வந்துவிட்டாள். அதைக் காட்டலாமா?

மைதானத்து டீச்சர்
கராத்தே பட்டியலில் இல்லை அக்கா. தற்காப்புக் கலைகளில் குத்துச்சண்டை மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பல வருட உழைப்பு அது. கபடியும் இல்லை.

நெட்பால் குழு விளையாட்டு. பேட்மின்டனை ஒற்றையர் என்று காட்டினால் தனி விளையாட்டு. அதையே இரட்டையராகவும் காட்டி மூன்றாவதுக்குக் கணக்கு வைக்க முடியாது. மூன்றாவதுக்குத் தடகளம் பாருங்கள். நெட்பால் ஆடும் பெண்ணுக்கு உயரம் தாண்டுதல் கைகொடுக்கலாம். கராத்தே வீணாகாது, சமநிலை, எதிர்வினை நேரம் என்று எழுத்துத் தாளில் உதாரணம் எழுத அவளிடம் நிறையச் சரக்கு இருக்கும்.

கிங்ஸ்ரன் அப்பா
இங்கே எழுதுகிற எல்லோருக்கும் மரியாதையோடு, மாற்றுக் கருத்து ஒன்று. ஹரோ அம்மாவின் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் ஒரு தெரிவுதான் மிஞ்சுகிறது என்றால் அதை வேலைக்கு வழி காட்டுகிற பாடத்துக்கு வைக்க நினைப்பது பிழையா? நாங்கள் வந்த நிலைமை அப்படி. நான் இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்று கணக்கியல் படித்தவன். பிள்ளை அந்தக் கஷ்டத்தைப் படக் கூடாது என்ற பயம்தான், விளையாட்டின் மேல் வெறுப்பில்லை. அதோடு கணுக்கால் பிசகினால் செய்முறை மதிப்பெண் என்ன ஆகும்?

நெல்லைக்காரன்
அண்ணா, நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் இருந்தது. அதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பையனோடு சிக்ஸ்த் ஃபார்ம் (16 வயதுக்குப் பிறகு ஏ லெவல் படிக்கும் இடம்) தேடி அலைந்தபோது ஒன்று தெரிந்தது. மருத்துவத்துக்கு ஏ லெவலில் வேதியியல், உயிரியல் கேட்கிறார்கள், ஜிசிஎஸ்இயில் அறிவியல், கணக்கு, ஆங்கிலத்தில் நல்ல கிரேடு கேட்கிறார்கள். நாலாவது தெரிவு வணிகமா உடற்கல்வியா என்று யாரும் கேட்கவில்லை. பிசியோதெரபிக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏ லெவல் உயிரியல் அல்லது உடற்கல்வி என்றே போட்டிருக்கின்றன. 9 வரை போகும் கிரேடில், பிடிக்காத பாடத்தில் 5 வாங்குவதைவிடப் பிடித்ததில் 7 வாங்குவது மேல் என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள்.

காயம் பற்றி டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

மைதானத்து டீச்சர்
காயம் நடக்கிறதுதான். அதனால்தான் நல்ல பள்ளிகள் மதிப்பீட்டைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல் இரண்டு வருடமும் ஆட ஆடக் குறித்து வைக்கும், வீடியோ எடுக்கும். வெளியே கிளப்பில் ஆடும் விளையாட்டுக்குப் பெற்றோர்தான் வீடியோ எடுத்துத் தர வேண்டி வரும். இப்போதிருந்தே எடுத்து வைப்பது நல்லது. கிங்ஸ்டன் அண்ணா, உங்கள் கேள்விக்கு நன்றி. இதைக் கேட்காத பெற்றோர்தான் பதினோராம் ஆண்டு மார்ச் மாதத்தில் அழுதுகொண்டு வருவார்கள்.

கோவை அக்கா
ஒரு சின்னச் சந்தேகம். என் மகன் பள்ளித் தாளில் பிடெக் ஸ்போர்ட் என்று போட்டிருக்கிறார்கள். ஊரில் மாமனார் "பதினாலு வயசில் பி.டெக்கா" என்று சந்தோஷப்பட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அது என்ன?

மைதானத்து டீச்சர்
இது பொறியியல் பட்டம் இல்லை அக்கா, தொழில்சார் பாடம். ஜிசிஎஸ்இ மாதிரி 9 முதல் 1 என்று கிரேடு வராது. பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று வரும். ஒப்படைகள் அதிகம், தேர்வின் பங்கு குறைவு. கேம்பிரிட்ஜ் நேஷனல் என்ற இன்னொரு தொழில்சார் பாட வகையில் ஸ்போர்ட் ஸ்டடீஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆட்டமும் தலைமைத்துவமும் சேர்ந்தே ஒரு அலகு, மொத்தத்தில் 40 சதவீதம். தேர்வு அறையில் உறைந்துபோகிற பிள்ளைகளுக்கு இவை நல்லவை. கீழானவை என்று நினைக்க வேண்டாம். ஆனால் பிறகு ஏ லெவலில் உடற்கல்வி எடுக்கும் எண்ணம் இருந்தால், போகப்போகிற சிக்ஸ்த் ஃபார்ம் எதை ஏற்கும் என்று இப்போதே பாருங்கள்.

நிலா
வணக்கம் அன்ரி, அங்கிள். அம்மா இந்தப் பக்கத்தைக் காட்டி எழுதச் சொன்னா. நான் இப்போது பிசியோதெரபி முதலாம் வருடம். பத்தாம் ஆண்டில் விளையாட்டுத் தலைமைத்துவம் செய்தேன். தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

நான் அவ்வளவு நல்ல விளையாட்டுக்காரி இல்லை. வகுப்பில் கதைக்கவும் மாட்டேன். எங்கள் ரீச்சர் என்னை ஏன் சேர்த்தா என்றே தெரியாது. முதல் நாள் பக்கத்து ஆரம்பப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் 28 பேர், மண்டபம் முழுக்கச் சத்தம். நான் அழகாகத் திட்டம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், பந்தைக் கூம்புகளுக்கு நடுவே தட்டிக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும் என்று. நான் விளக்கம் சொல்லி முடிக்க முதலே பந்துகள் எல்லாப் பக்கமும் பறந்தன. வரிசையில் கடைசியில் நின்றவை சண்டை பிடிக்கத் தொடங்கின. ஒரு பிள்ளை அழுதது. நான் விசிலை ஊதினேன், ஒருவரும் திரும்பவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ரீச்சர் குறுக்கே வரவில்லை. பிறகு பஸ்ஸில்தான் கேட்டா: "ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் பந்தைத் தொட்டது, எத்தனை நிமிடம் வரிசையில் நின்றது?" எண்ணிப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்டெப் முறை எனக்குச் சரியாக விளங்கியது. இடம், செய்யும் வேலை, பொருட்கள், ஆட்கள், இந்த நான்கில் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்த கிழமை நீண்ட வரிசைகளை விட்டுவிட்டு நான்கு நான்கு பேராகப் பிரித்தேன். பந்தை மூலையில் வைத்துவிட்டு முதலில் விளக்கம், பிறகுதான் பந்து. சின்னக் கைகளுக்கு மென்மையான பெரிய பந்து. கேட்கும் கருவி போட்ட ஒரு பையன் இருந்தான், அவனுக்காக விசிலோடு கையையும் உயர்த்தினேன். பிறகு பார்த்தால் கையை உயர்த்துவதுதான் எல்லோருக்கும் வேலை செய்தது!

இப்போது வைத்தியசாலையில் பயிற்சிக்குப் போகும்போது, முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்த ஒரு தாத்தாவை எழும்பி நடக்க வைக்க வேண்டும். அவருக்குப் பயம். நான் செய்வது அன்றைக்கு அந்த மண்டபத்தில் செய்ததுதான், தூரத்தைக் குறைப்பேன், வேலையைச் சின்னதாக்குவேன். நேர்முகத்தில் தலைமைத்துவம் பற்றிக் கேட்டபோதும் நான் அழுத அந்த நாளைத்தான் சொன்னேன்.

ஹரோ அம்மா
நிலா பிள்ளை, உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. இதை நான் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் உடனே தன் அறைக்குப் போய் நாலு பக்கம் விளையாட்டுத் திட்டம் எழுதிக்கொண்டு வந்தாள்.

தமிழ்ப் பாடசாலைத் தொண்டர்
நிலா சொன்னதற்குச் சாட்சி சொல்ல வந்தேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஒவ்வொரு கோடையிலும் இல்ல விளையாட்டுப் போட்டி வைக்கிறோம். தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், அஞ்சல் ஓட்டம், கடைசியில் பெற்றோருக்குக் கயிறிழுத்தல். பல வருடமாக அது எப்படி நடந்தது? மூன்று அப்பாமார் ஒலிவாங்கியில் ஒரே நேரத்தில் கத்துவோம். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று, ஓடுவது 20 செக்கன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பழைய மாணவிகள் மூன்று பேர், எல்லோரும் தலைமைத்துவக் கோர்ஸ் முடித்தவர்கள், "இந்த முறை நாங்கள் நடத்துகிறோம்" என்றார்கள். மைதானத்தை ஆறாகப் பிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் குழுக் குழுவாகச் சுற்றி வந்தார்கள். தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, மூச்சிரைப்பு உள்ள பிள்ளை யார், அவருடைய பம்ப் யாரிடம், எல்லாம் ஒரு தாளில். எங்களிடம் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளை இருக்கிறார். அதுவரை அவருக்கு ஒரு ஆறுதல் பரிசு கொடுத்துப் படம் எடுப்போம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் ஒரு நிலையத்தை எல்லோரும் இருந்துகொண்டே எறிகிற விளையாட்டாக மாற்றினார்கள். அவர் தன் இல்லத்துக்குப் புள்ளி எடுத்துக் கொடுத்தார். அவருடைய அம்மா வேலிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அத்தனை வருடமாக எங்களுக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றைக்கும் கவலையாக இருக்கிறது.

கோவை அக்கா
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியவள் எட்டாம் வகுப்பு வரை ஓட்டத்தில் முதல். அப்புறம் விட்டுவிட்டாள். நான் படிப்புச் சுமை என்று நினைத்தேன். போன மாதம்தான் சொன்னாள், ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் "வெயிலில் ஓடி ஓடிக் கறுத்துப் போயிட்டியே" என்று சொன்னார்களாம். அதோடு மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் கால்சட்டை போட வேண்டிய பயம். இரண்டையும் அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வார்த்தை சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், சிரித்துக்கொண்டு நின்றேன். அது இப்போது குத்துகிறது. ஆசைப்பட்டுக் கேட்கிற பெண் பிள்ளை இருந்தால், தயவுசெய்து முதலில் சரி என்று சொல்லுங்கள்.

மைதானத்து டீச்சர்
கோவை அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் பள்ளியில் இப்போது கறுப்பு லெக்கிங்ஸ் போடலாம். அதைக் கேட்டு வாங்கியது தலைமைத்துவ வகுப்புப் பெண்கள்தான். மற்ற மாணவிகளிடம் கருத்துக் கேட்டு, தொகுத்து, தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசினார்கள். உங்கள் மகள் திரும்பி வர நேரம் தாண்டிவிடவில்லை. ஓட வேண்டாம் என்றால் நேரம் குறிக்கட்டும், நடுவராக நிற்கட்டும். மைதானத்துக்குள் ஒரு கால் வைத்தால் போதும்.

கிங்ஸ்ரன் அப்பா
நான் மேலே எழுதியதைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் தொண்டர் எழுதியதை வாசித்த பிறகு ஒன்று நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் இருந்து வந்த, இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம் 2019-இல் லிவர்பூலில் நடந்த நெட்போல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டுக்காரரையும் விட அதிக கோல் போட்டவர். அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு என் மகள் ஒரு மாதம் கராஜ் சுவரில் பந்து எறிந்துகொண்டிருந்தாள். நான் சத்தம் என்று நிற்பாட்டினேன். இன்றைக்கு அவளிடம் போய், இன்னும் விருப்பம் இருக்கா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். நாளைக்குத் திரும்பக் கேட்பேன்.

ஹரோ அம்மா
எல்லோருக்கும் நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பாடசாலைக்குப் போனோம். ரீச்சர் இங்கே சொன்னபடியே கேட்டேன். எங்கள் பாடசாலையில் தலைமைத்துவம் பொது உடற்கல்வி நேரத்திலேயே நடக்கிறதாம், தெரிவில் இடம் பிடிக்காது. ஜிசிஎஸ்இ உடற்கல்வியின் பழைய வினாத்தாள் ஒன்றும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து கணவர் அதை மேசையில் வைத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். "இது பயோலொஜி மாதிரி இருக்கே" என்றார். 220-இல் இருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் கேள்வியைத் தனக்கே போட்டுப் பார்த்தார்.

வியாழன் மகளுக்கு ஒரு போட்டி. முதல் தடவையாக அவர் வேலையில் இருந்து நேரத்தோடு வந்து பார்த்தார். தோற்றுவிட்டார்கள். காரில் வரும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: பந்தோடு மூன்று செக்கனுக்கு மேல் ஏன் நிற்கக் கூடாது? மகள் ஹரோ வந்து சேரும் வரை நெட்போல் விதிகள் முழுவதையும் அவருக்கு விளங்கப்படுத்தினாள். இரவு அவரே படிவத்தை நிரப்பினார், நான்காவது கட்டத்தில் உடற்கல்வி. வணிகக் கல்வி பற்றி இன்னும் அவருக்கு ஒரு சின்ன மனக்குறை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

இப்போது வேறு ஒரு உதவி. நிலா எழுதியதை வாசித்த நாளில் இருந்து மகள் எங்கள் தமிழ்ப் பாடசாலைச் சின்னப் பிள்ளைகளுக்கு இடைவேளையில் விளையாட்டு வைக்கப் போகிறாளாம். இந்தச் சனிக்கிழமையே தொடக்கம். பக்கத்தில் யாரிடமாவது கூம்புகளும் மென்மையான பந்தும் இரவல் கிடைக்குமா?

தமிழ்ப் பாடசாலைத் தொண்டர்
என்னிடம் கூம்பு 24 இருக்கிறது, மென்பந்து ஆறு. வெம்பிளியில் இருக்கிறேன், வெள்ளி பின்னேரம் கொண்டுவந்து தருகிறேன். எத்தனை பிள்ளைகள் என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள், காணாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேடுகிறேன்.

நிலா
அன்ரி, நான்கு நான்கு பேராகப் பிரிக்கச் சொல்லுங்கோ. விளக்கம் சொல்லி முடியும் வரை பந்தைக் கொடுக்க வேண்டாம் :)